அன்றைக்கே மாற்றிய திறப்பு

தனுஷா நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், அலுவலகத்தில் இரண்டு மடிக்கணினியாவது படக்கென்று மூடிக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த சின்ன நிறுவனம் அது. யாருடைய திரையில் எது கவலையீனமாகத் திறந்து கிடக்கிறது என்று பார்த்துத் திரிகிற அவளுக்கு அங்கே 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்கள் நடத்திய சேவைக்குக் 'காற்றுச்சேதி' என்று பெயர். காற்று கிளம்பப்போகிறதென்றால் வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களின் கைபேசிக்கு முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி போகும். அந்தச் செய்தியை அனுப்பித் தருகிற கம்பனியின் கதவைத் திறக்க ஒரு நீண்ட ரகசிய எழுத்துவரிசை இருக்கிறது. வெளியில் 'கீ' என்பார்கள். இந்த அலுவலகத்தில், சாவிக்கு ஊரில் சொல்கிற 'திறப்பு' என்ற பெயரே வாயில் வந்தது. அது யார் கையில் கிடைத்தாலும் காற்றுச்சேதியின் காசில், காற்றுச்சேதியின் பெயரில், எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அந்தத் திறப்பைக் காப்பதற்குத் தனுஷா கொண்டுவந்ததுதான் அந்தக் கருவி. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்குகிற சின்னஞ்சிறிய கருவி. வேலை செய்யும்போது செயலியை ஓட்டிப்பார்க்க வேண்டுமென்றால், வழக்கமான கட்டளைக்கு முன்னால் இதன் பெயரையும் சேர்த்துத் தட்டினால் சரி. இணையத்தில் பூட்டிக் கிடக்கிற பெட்டகத்திலிருந்து திறப்பை எடுத்துவந்து, ஓடத் தொடங்கும் செயலியின் காதில் மட்டும் ஓதிவிடும். செயலியை நிறுத்தினால் ஓதியதும் போய்விடும். எவருடைய கணினியிலும் எழுத்தாக ஒன்றும் மிஞ்சாது. வேலை செய்கிறவர்கள் திறப்பைக் கண்ணால்கூடக் காணமாட்டார்கள்.

இதைப் பற்றிப் பேச வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். மண்டபம் நிறைய மாணவர்கள். தனுஷா வெளுத்துக் கட்டினாள்.

"எங்கட கண்ணகை அம்மன் கோயில நினைச்சிப் பாருங்க. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். சடங்குக்குத்தான் கதவு திறக்கும். சடங்கு முடிஞ்சா அடைச்சிருவாங்க. திறப்பு ஆர்ட கையிலயும் சும்மா சுத்தித் திரியாது. இந்தக் கருவியும் அப்பிடித்தான்."

கைதட்டல் எழுந்தது. கைதட்டல் அவள் தலைக்கும் ஏறியது. கேட்டவர்கள் கேட்டபடி இருக்க, தேவைக்கு மேலும் கொஞ்சம் பேசினாள்.

"எங்கட ஒபிசில ஒருத்தர் இருக்கார். அவருக்கு வாட்ஸப்தான் அம்மன் கோயில். திறப்பக் கொண்டுபோய் குரூப்பில போட்டுட்டு, 'எல்லாரும் எடுத்துக்கங்க' எண்டார்."

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த நௌஷாட்டும் சிரித்தான். அந்த 'ஒருத்தர்' அவன்தான். ஏறாவூர்க்காரன், அவளோடு சமமாக வேலை செய்கிறவன். தன் காரில் அவளை அங்கே ஏற்றிக்கொண்டு வந்தவனும் அவனேதான்.

நௌஷாட் அப்படிச் செய்தது உண்மை. கருவி வந்த புதிதில், ஒரு அவசரத்தில், யாரோ கேட்டார்கள் என்று அலுவலகக் குழுவில் திறப்பைப் போட்டுவிட்டான். தனுஷா அன்றைக்கே அந்தத் திறப்பைச் செல்லாததாக்கினாள். கம்பனியிடம் புதிய திறப்பு வாங்கிப் பெட்டகத்தில் வைத்தாள். கருவி புதியதை எடுத்து ஓதியது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நௌஷாட்டிடமும் அவள் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பயந்துகொண்டு திரியட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று விட்டுவிட்டாள். இதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தனுஷாவுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, ஒரு நாளும் மறக்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் வெட்கக்கேடு.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தது. தனுஷா மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு பனிச்சங்கேணிக்கு, பெற்றவர்களின் வீட்டுக்குப் போனாள். அப்பா கோணாமலை, தோணியில் வலை போட்டு றால் பிடிக்கிறவர். காற்றுச்சேதி முதன்முதலில் போன கைபேசிகளில் அவருடையதும் ஒன்று. செய்தி வந்தால் துறையில் நிற்கிற எல்லோருக்கும் உரத்து வாசித்துக்காட்டி, "என்ட மகள் அனுப்பினது" என்று முடிப்பார்.

சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி அன்று மத்தியானம், நிறுவனத்தை நடத்துகிற உதயரூபன் தொலைபேசியில் கூப்பிட்டார். சிலருக்குச் செய்தி பாதியில் வெட்டுப்பட்டுப் போகிறது, இன்றைக்கே திருத்தவேண்டும் என்றார். தனுஷா கணினியைத் திறந்தாள். சடங்குக்கென்று கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்திருந்த சனமெல்லாம் ஒரே கைபேசிக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு வீடியோ. கருவி ஒவ்வொரு தடவையும் பெட்டகத்தைத் தேடிப் போய், எட்ட முடியவில்லை என்று வெறுங்கையோடு திரும்பிவந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். அங்கே கொஞ்சம் சிக்னல் இருந்தது. ஆனால் வெயிலில், பாலத்துச் சுவரில் கணினியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேலை செய்வது? கருவியில் ஒரு கட்டளை உண்டு. பெட்டகத்தில் உள்ளதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதித் தந்துவிடும். ஒருவரும் அதைப் பாவிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சட்டம் போட்டவள் அவள்தான். தட்டினாள். ரகசியங்களை வெறும் எழுத்தாக எழுதப்போகிறேன், நிச்சயமா என்று கருவி கேட்டது. நிச்சயம் என்றாள். கோப்புக்குச் 'சடங்கு' என்று பெயர் வைத்தாள். சடங்கு முடிந்ததும் அழிக்கவேண்டும் என்று பெயரைப் பார்த்தாலே ஞாபகம் வரட்டும் என்றுதான் அப்படி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து திருத்திமுடித்தாள். வாசலில் அம்மா அன்னப்பூரணி பூத்தட்டோடு நின்று சத்தம் போட்டாள்.

"புள்ள, அந்தப் பொட்டிய மூடிட்டு வாகா! சனமெல்லாம் குளிர்த்திக்குப் போயிட்டுது."

சேலையோடு மறுபடியும் பாலத்துக்கு ஓடினாள். திருத்திய நிரலை, கூடக் கிடந்த கோப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்து அள்ளி இணையத்துக்கு அனுப்பினாள். ரகசியக் கோப்புகள் தவறிப் போகாமல் மறிக்க அவளே ஒரு காவல் வைத்திருந்தாள். அது வழக்கமான பெயர்களைத்தான் மறிக்கும். 'சடங்கு' என்ற பெயரை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? கோப்பும் கூடவே போனது. வளாகத்து மாணவர்களும் கைகொடுக்கட்டும் என்று காற்றுச்சேதியின் நிரலை இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாகத் திறந்து வைத்திருந்தார்கள். அதுவும் தனுஷாவின் யோசனைதான்.

இப்படிக் கிடப்பதைப் பொறுக்குவதற்கென்றே இணையத்தில் அலைகிற ஆட்கள் உண்டு. யாரோ, எந்த நாட்டிலோ, திறப்பை எடுத்தான். விடிவதற்குள் ஊர் உலகத்துக்கெல்லாம் சூதாட்ட விளம்பரம் அனுப்பித் தீர்த்தான். காற்றுச்சேதியின் கணக்கில் ஒரு செய்திக்குக்கூடக் காசு மிச்சம் இல்லை.

மறுநாள் பின்னேரம், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று திடீரென்று மூர்க்கம் கொண்டது. காற்றுச்சேதி அதை முன்கூட்டியே கண்டது. செய்தியும் எழுதியது. அனுப்பத்தான் வழியில்லை. செய்தி வரவில்லை, அப்படியென்றால் காற்றும் வராது என்று நம்பி, பனிச்சங்கேணியில் மீன்பிடிக்கிற தோணி முழுக்கத் தண்ணீரில் நின்றது. தோணிகள் கவிழ்ந்தன. கோணாமலையின் வலைகள் இழுபட்டுப் போயின. வினாயகமூர்த்தி என்கிற மீனவர் சங்கத் தலைவரின் கை தோணிக்கும் பாலத்துத் தூணுக்கும் நடுவில் அகப்பட்டு முறிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. அதை ஆறுதலாக நினைக்கவும் தனுஷாவுக்குக் கூசியது.

கோப்பை அன்றைக்கே கண்டுபிடித்தாள். திறப்பைச் செல்லாததாக்கினாள். நிரலின் பழைய பதிவுகளிலிருந்தும் கோப்பைச் சுவடில்லாமல் துடைத்தாள். இப்படித்தான் செய்யவேண்டும், இதைத்தான் எல்லோருக்கும் படிப்பித்திருக்கிறாள். துடைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான், இனி இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது உறைத்தது. உறைத்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைப் பின்னர் நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அலுவலகத்தில் எல்லோரையும் உதயரூபன் கூட்டி வைத்தார்.

"எப்பிடி வெளிய போனது? ஆரையும் பிழை சொல்லக் கேக்கல்ல. தெரியணும், அவ்வளவுதான்."

எல்லோரும் தனுஷாவைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் சொல்லட்டும் என்று பார்த்தார்கள். அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"சேர், அது நானாத்தான் இரிக்கும்," என்றான் நௌஷாட்.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் முந்தி வாட்ஸப்பில போட்டன்தானே. அந்த குரூப்பில இருந்து விலகிப்போன ஆக்கள்ட போனிலயும் அது இப்பவும் கிடக்கும். அதுல ஆரோ எடுத்திரிப்பாங்க. வேற வழி இல்ல சேர்."

உதயரூபன் தனுஷாவின் பக்கம் திரும்பினார். "அதாலதானா?"

ஒரு வசனம் போதும். 'அந்தத் திறப்பை நான் அன்றைக்கே மாற்றிவிட்டேன்.' அதைச் சொன்னால் நௌஷாட் தப்பிவிடுவான். அடுத்த கேள்வி, அப்படியென்றால் வேறு யார் என்று வரும். தனுஷா போத்தல் மூடியைத் திரும்பப் பூட்டினாள்.

"இருக்கலாம் சேர்," என்றாள்.

உதயரூபன் கெட்ட மனுசர் இல்லை. கத்தவில்லை. "இனி நீங்க இதுல கை வைக்காதீங்க நௌஷாட்," என்று மட்டும் சொன்னார். நௌஷாட் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போனான். ஏதோ கடைக்கு விளம்பரப் படம் கீறுகிற வேலை கொடுத்தார்கள். தனுஷா எழுந்து நடந்தால் இப்போதும் மற்றவர்கள் மடிக்கணினியை மூடினார்கள். முன்பு அதில் ஒரு சுகம் இருந்தது. இப்போது ஒவ்வொரு 'படக்'கும் கன்னத்தில் விழுவதாக இருந்தது.

தேத்தண்ணி இடைவேளை ஒன்றில் நௌஷாட் கதிரையை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து இருந்தான்.

"தனுஷா, அந்தக் கருவிய எனக்கு ஒருக்கா முதல்ல இருந்து சொல்லித்தாங்க. நீங்க சொல்லக்குள்ள நான் அரைக்காதாத்தான் கேட்டிரிக்கன். இனியாச்சும் ஒழுங்காப் படிக்கணும்."

முடியாது என்று சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? சொல்லிக்கொடுத்தாள். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கவனமாகக் கேட்டான். உதவிப் பக்கத்தைத் தானே வாசித்துக்கொண்டு போனவன் ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"எல்லாத்தையும் கோப்பில எழுதுற கட்டளையும் இரிக்கே. பூட்டி வைக்கிற கருவியில இத ஏன் வச்சிரிக்காங்க?"

"அவசரத்துக்கு."

"ஆராச்சும் இதப் பாவிப்பாங்களா?"

"தெரியா," என்றாள் தனுஷா. அவன் நன்றி சொல்லிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனான். அவள் கழிவறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தாள். அழுகையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அப்பா தொலைபேசியில் பேசினார்.

"நாளைக்குச் சங்கத்துக்கு உங்கட ஒபிஸ் பொடியன் ஒருத்தன் வாறானாம் புள்ள. நௌஷாட்டாம் பேரு. ஆரும் அனுப்பல்ல, தானே கேட்டு வாறானாம். மன்னிப்புக் கேக்க."

தனுஷா கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அவர் ஏனப்பா வரணும்?"

"பிழை விட்டவன் வரத்தானே வேணும்," என்றார் கோணாமலை. "நல்ல பொடியனாத்தான் இருப்பான். இல்லாட்டி வருவானா?"

காலையிலேயே ஸ்கூட்டியில் கிளம்பினாள். அவன் வாய் திறப்பதற்கு முன் தனியே பிடித்துச் சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தாள். ஏறாவூரைத் தாண்டும்போதும் அந்த உறுதி இருந்தது. வாழைச்சேனையில் தேத்தண்ணி குடிக்க நின்றாள். தேவையில்லாத தேத்தண்ணி. அதையும் ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு பெற்றோல் அடிக்க நின்றாள், தாங்கியில் பாதிக்கு மேல் இருந்தும். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு வந்தபோது, தான் கணினியை வைத்த அதே சுவரைப் பார்த்துவிட்டு, வேகத்தை இன்னும் குறைத்தாள். பயந்தாங்கொள்ளி ஒருத்தி எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினாள்.

துறையடியில் சங்கத்தின் தகரக் கொட்டகைக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நௌஷாட் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும் தறுவாய்.

"...என்ட கவலையீனத்தாலதான் ஒங்களுக்கு மெசேஜ் வரல்ல. வலை போனது, தலைவர்ட கை முறிஞ்சது, எல்லாத்துக்கும் நான்தான் காரணம். திட்டுறெண்டா திட்டுங்க. என்ன மன்னிச்சிக்கங்க."

ஒருவரும் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வினாயகமூர்த்தி பெருமூச்சு விட்டார். கோணாமலை எழுந்தார். வாசலில் நின்ற மகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, நீங்க வந்து சொன்னதே பெரிய காரியம். இந்தா நிக்கிறா என்ட மகள். அவவிட்டக் கேட்டுப் பழகுங்க. அவ ஒரு நாளும் இப்பிடிப் பிழை விடமாட்டா."

"ஓம் ஐயா," என்றான் நௌஷாட் தலையைக் குனிந்தபடி. "அவ எத்தினையோ தரம் சொன்னவ. நான்தான் கேக்கல்ல."

தனுஷாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் நிலம் அப்படியேதான் கிடந்தது.

"அந்தத் திறப்ப நான் அண்டைக்கே மாத்திட்டன்," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. நௌஷாட்டுக்கு மட்டும் விளங்கியது. அவன் மெதுவாக நிமிர்ந்தான்.

"எப்ப?"

"நீங்க வாட்ஸப்பில போட்ட அண்டைக்கே. அதால ஒண்டும் நடக்கல்ல. நடக்கவும் ஏலா." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். "நான்தான் அப்பா. குளிர்த்தி அண்டைக்கு, எங்கட வீட்டுல இருந்து. சிக்னல் இல்லயெண்டு எல்லாத்தையும் ஒரு கோப்பில எழுதினன். கோயிலுக்குப் போற அவசரத்தில பாக்காம அனுப்பிட்டன். அவர் ஒண்டும் செய்யல்ல."

வினாயகமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பிழை ஆருக்கும் வரும் புள்ள. அந்தப் பொடியன் இஞ்ச வந்து கைகட்டி நிக்கிறவரைக்கும் ஏன் பாத்துக்கொண்டு இருந்தாய்?"

உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான்: எனக்கு அது வசதியாக இருந்தது. அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

கோணாமலை தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நௌஷாட்டுக்குப் பின்னால் வைத்தார். தோளில் கிடந்த துவாயால் அதைத் துடைத்தார்.

"இரிங்க மகன்," என்றார். பிறகு தான் போய் நிலத்தில் குந்தினார். அதன் பிறகு மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

நௌஷாட் இருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப வளாகத்தில என்னச் சொல்லி எல்லாரும் சிரிக்கக்குள்ளயும் அது மாத்தித்தான் இருந்திச்சா?"

"ஓம்."

"மூலை மேசையில இருந்து வந்து ஒங்கக்கிட்டப் படிச்சேனே, அப்பவும் தெரியும்?"

"ஓம்."

அவன் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

"நான்தான் செஞ்சனெண்டு உம்மாட்டச் சொல்லிட்டன். மனிசன்ட கை முறிஞ்சிருச்செண்டு கேட்ட நாளில இருந்து சரியாத் தின்னவும் இல்ல அவ. ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு எனக்காக அழுதுக்கிட்டு இரிக்கா." எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தான். "அவக்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மணி போனது. இரண்டாம் தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"மகன், என்ன சொன்னாங்க? மன்னிச்சாங்களா?"

"உம்மா, நான் தனுஷா. நௌஷாட்டோட வேலை செய்யிற..."

"ஆ, தனுஷா மகளா!" ஆமினா உம்மாவின் குரல் தழதழத்தது. "மகன் ஒங்களப் பத்தித்தான் எந்நேரமும் சொல்லுவாரு. ஒங்கட சொல்லக் கேட்டிருந்தா இப்பிடி ஆகியிரிக்காதுதானே. நீங்களும் அவர மன்னிச்சிக்கங்க மகள். அவருக்காக நான் கேக்கிறன்."

தனுஷா கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொட்டகையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல உம்மா," என்றாள். மறுபடியும் தொடங்கினாள். "பிழை விட்டது நான். அவர் போட்ட திறப்ப நான் அண்டைக்கே மாத்திட்டன் உம்மா. அவருக்குத்தான் நான் சொல்லல்ல."